கும்பிட்டுட்டுக் கழுவு

தவமணி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் லாரி வந்துவிடும், ஹைட்ரேஞ்சியா பூச்செடித் தொட்டிகளை ஏற்ற வேண்டும், நேரத்தோடு வந்து சேர் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். லாரி வந்து நின்றது. டிரைவர் தேநீர் குடித்து, பேப்பரும் படித்து முடித்தார். அவளைக் காணோம். போன் போட்டால் எடுக்கவில்லை. அவள் என்றைக்கு எடுத்தாள்? அவள் போன் ஏப்ரன் பையின் அடியில், கத்தரிக்கோலுக்கும் தேங்காய் நார்த்தூளுக்கும் கீழே எங்கேயாவது கிடக்கும். கடைசியில் அவள் பெயரைக் காட்டி என் போன் அடித்தது. "என்னா மகாராணி, எழுந்தாச்சா?" என்றேன். பேசியது அவள் கணவர் முனியாண்டி அண்ணன். "ராஜி, நான்தாம்மா" என்றார். "எந்திரிச்சதும் நெஞ்சு வலிக்குதுன்னா. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்ற வேண்டிய தொட்டிகளையே பார்த்தபடி நின்றேன்.

அவளைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்போங் ராஜா போகும் சாலையில், தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் இருக்கும் எங்கள் நாற்றுப்பண்ணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் அங்கே அவளிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். செடி அவள் பொறுப்பு, வியாபாரம் என் பொறுப்பு என்று இருவரும் சேர்ந்து அதை நடத்தினோம். அவள் மேலே தெரியும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அந்தத் தோட்டத்தின் நாற்றுக் கொட்டகையில் தேயிலைக் குச்சி நட்டுப் பழகியவள். நான் ஈப்போக்காரி. என் கணவருக்கு இங்கே அரசாங்க வேலை மாற்றலானபோது, குளிருக்குப் பயந்துகொண்டே அவரோடு மலையேறி வந்தவள்.

அவள் கருமக்கிரியை முடிந்த பிறகு ஒரு தொட்டி எங்கள் பண்ணையின் கேட்டுக்கு வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தது. அதைக் கழுவுவதா, அப்படியே வைத்துக்கொள்வதா என்பதில் எனக்கும் முனியாண்டி அண்ணனுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஒரு தொட்டிக்காகவா இரண்டு பெரிய மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தவமணியின் தொட்டி என்றால் என்னவென்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

நாங்கள் பழக ஆரம்பித்ததே ஒரு சண்டையில். நான் இங்கு வந்த புதிதில், ஈப்போவில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு லாவெண்டர் செடி வாங்கப் போயிருந்தேன். அப்போது பண்ணை சின்னது. அவள் மட்டும்தான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். நான் செடியைக் கையில் எடுத்ததும், "இது யாருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "ஈப்போவுக்கா? அப்ப வைங்க. தர முடியாது" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் காசு கொடுத்துத்தானே வாங்கறேன்?" என்றேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "நீங்க காசு குடுப்பீங்க. அது அங்க வெயில்ல சாவும். ஒங்க அக்கா எங் கையி சரியில்லன்னு அழுவாங்க. எதுக்கு லா இந்தப் பாவம்? துளசி கொண்டு போங்க. ஈப்போவுல காடா வளரும்" என்றாள். துளசியோடு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா வீட்டில் அந்தத் துளசி இன்றைக்கும் புதராக நிற்கிறது.

பழகப் பழக நானும் அவளோடு பண்ணையில் சேர்ந்துகொண்டேன். இப்படிப்பட்டவளோடு சேர்ந்து வியாபாரம் செய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வார இறுதியில் கீழேயிருந்து கார் காராக வருவார்கள். நான் சிரித்துப் பேசி, செடியின் அழகைச் சொல்லி, பணப்பையைத் திறக்கிற கட்டத்துக்கு அவர்களைக் கொண்டு வந்திருப்பேன். சரியாக அந்த நேரத்தில் பின்னாலிருந்து குரல் வரும்: "எங்கேருந்து வர்றாங்கன்னு கேட்டியா?" கிள்ளானிலிருந்து வந்த ஒரு அம்மாள், "நான் ஏர்கோன் ரூம்ல வெச்சுப் பாத்துக்கறேங்க" என்று கெஞ்சியும் இவள் ஸ்ட்ராபெர்ரி நாற்றைக் கொடுக்கவில்லை. "ஏர்கோன்ல நீங்க இருங்க. அதுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் போன பிறகு நான் கத்துவேன். அவள் காது கேட்காதவள் மாதிரி சுருதி சேராமல் ஏதாவது பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருப்பாள். அவள் பாட்டைக் கேட்டு செடி வளர்கிறதோ இல்லையோ, எனக்குத் தலைவலி வரும் என்று நான் சொல்வேன். இப்போது அந்தக் கொட்டகையில் அவ்வளவு அமைதி. அந்தத் தலைவலி எனக்கு வேண்டும் போல இருக்கிறது.

எல்லாப் பண்ணைகளையும் போல நாங்களும் முதலில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில்தான் செடி வளர்த்தோம். ஒரு தடவை பெரிய மழை பெய்து ஓய்ந்த பிறகு, திரிங்காப்பில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தின் அருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் சாய்ந்திருந்த கிளைகளில் எல்லாம் கறுப்புப் பைகள் கந்தல் கந்தலாகத் தொங்கின. இறங்கிப் போய் எட்டுகிற தூரத்தில் இருந்த பைகளைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் எப்போதும் பையின் அடியில் தன் கத்தரிக்கோலால் குறுக்காக ஒரு கீறல் போடுவாள், தண்ணீர் வடிவதற்கு. அந்தக் கீறலோடு ஒன்று கிடைத்தது. அதை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "நம்ம புள்ளதான்" என்றாள்.

அதற்கப்புறம் பை கிடையாது. கெட்டியான தொட்டிகள்தான். செடி வாங்குகிறவர், அதைத் தன் இடத்தில் நட்டு முடித்ததும் தொட்டியைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். தொட்டி வந்தால்தான் அடுத்த செடி. இது நடக்காது என்று நான் அடித்துச் சொன்னேன். காலித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு யார் மலையேறி வருவார்கள்? அவள் கேட்கவில்லை. தமிழர்களிடம் தமிழிலும், மற்றவர்களிடம் "பாசு காசி பாலிக்" என்று தன் சந்தை மலாயிலும், தொட்டியைத் திருப்பித் தரச் சொல்லிச் சொல்லி அனுப்பினாள். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் வேறு பண்ணைக்குப் போனார்கள். ஆனால் ஆச்சரியமாக, தொட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். காய்கறி லாரிக்காரர்கள் கீழே போய் வரும்போது இருக்கைக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டு வந்தார்கள். முனியாண்டி அண்ணனே திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற லாரி டிரைவர்தான். வீட்டுக்கு அவர் தொட்டி இல்லாமல் வந்த நாள் குறைவு.

தொட்டி கொண்டு வருகிறவர்களிடம் அவள் நலம் விசாரிக்க மாட்டாள். "செடி எப்டி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் வந்த பிறகுதான் உட்காரச் சொல்வது, தேநீர் கொடுப்பது எல்லாம். அதற்காகவே சிலர் வருவார்கள். செடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, மருமகளைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி, வேலை போன பையனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்கள். செடி செத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், யார் வீட்டிலோ துக்கம் விழுந்ததைப் போல எப்போது, எப்படி, தண்ணீர் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்பாள். பெரும்பாலும் பதில் ஒன்றுதான். "பாசம் லா, பாசம்" என்பாள் என்னிடம். "எல்லாரும் தண்ணியா ஊத்தியே கொன்னுர்றாங்க."

அதற்காகவே அவள் ஒரு வேலை செய்வாள். நாற்றை நட்டு மண்ணை அழுத்திய பிறகு, தண்டை விட்டுத் தள்ளி, தொட்டியின் ஓரத்தில் கட்டைவிரலால் ஒரு குழி வைப்பாள். தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்ற வேண்டும், அது நிறைந்தால் நிறுத்திவிட வேண்டும். தண்டு நனையாது, வேர் அழுகாது. எங்கள் பண்ணையிலிருந்து போன ஒவ்வொரு தொட்டியிலும் அவள் கட்டைவிரல் இருந்தது. நான் வைத்தால் குழி ஆழமாகப் போய்விடும். "கோவத்துல வெக்காத டி" என்பாள்.

இந்த வழக்கம் முழுவதும் ஒரு தடவை கவிழப் பார்த்தது. அதுவும் அம்மன் பேரால்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் பூத்த செடிகளைத் தொட்டியோடு கொடுத்தனுப்புவோம். கோயிலைச் சுற்றி வரிசையாக வைப்பார்கள். அம்மனுக்கு வந்த பொருள் என்பதால் பெண்கள் ஒவ்வொரு தொட்டிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைப்பார்கள். திரும்பி வரும் தொட்டி எதுவானாலும் சோப்புத் தண்ணீரில் போட்டு, பிரஷால் தேய்த்து, வெயில் கண்ட நாளில் காயவைக்கிறவள் தவமணி. நான் ஒன்றைக் கழுவாமல் அடுக்கிவிட்டால் போதும், அன்று முழுவதும் பேச்சு வாங்க வேண்டும். ஆனால் கோயில் தொட்டிகள் வந்தபோது அவளுக்குக் கை வரவில்லை. "அம்மா குங்குமத்தப் பிரஷ் போட்டுத் தேய்க்கறதா?" என்றாள். பழைய மண்ணைத் தட்டிக் கொட்டிவிட்டு, குங்குமம் கலையாமல், அப்படியே அதில் ரோஸ்மேரி நட்டாள். மங்களகரமாக நாற்று அடுக்கும் மேடையின் முனையில் வரிசையாக வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த முனையிலிருந்துதான் ஆரம்பித்தது. முதலில் இலை சாம்பல் நிறமானது. குளிர் என்று நினைத்தோம். அப்புறம் பக்கத்துத் தொட்டிகள். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தது. ஊறிப்போன வாடை அடித்தது. கோயிலில் தேங்காய் உடைக்கிற இடத்தில், எல்லாத் தண்ணீரும் ஓடி வந்து தேங்குகிற ஈரத்தில், ஊர்ப்பட்ட செடிகளோடு நின்ற தொட்டிகள் அவை. நோய் அவற்றின் சுவரில் ஒட்டிக்கொண்டு வந்து, வடிந்த தண்ணீரோடு மேடை முழுக்கப் போயிருக்கிறது. அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "அம்மா மேல சொல்லாத. அம்மா எங்கிட்டக் கழுவாதன்னு சொல்லல."

அந்த மேடையில் இருந்த அத்தனையையும் பிடுங்கினாள். பச்சையாக நின்றதையும் விடவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் சீன முதலாளி, நாங்கள் தவ்கே என்று கூப்பிடுகிறவர், கொஞ்ச நாள் முன்னால்தான் அதே வரிசையிலிருந்து நாற்று எடுத்துப் போயிருந்தார். அவர்தான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. தவமணி வேன் சாவியை எடுத்தாள். "ஒரு வாரம் பாப்போமே, அங்க ஒண்ணும் ஆகாமக்கூட இருக்கலாம்" என்றேன். "ஆனப்புறம் போனா அது சேதி. ஆவறதுக்கு முன்னாடி போய்ச் சொன்னாத்தான் நம்ம பேச்சுக்கு மதிப்பு" என்றாள். நானும் ஏறிக்கொண்டேன், அவளைத் தனியாக அடி வாங்க விட மனமில்லாமல்.

தவ்கே அடிக்கவில்லை. அதைத் தவிர மற்ற எல்லாம் செய்தார். மலாயிலும் அவர் மொழியிலும் மாற்றி மாற்றிக் கத்தினார். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே தவமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பாத்தியில் இறங்கி, எங்கள் நாற்றுகளை மண்ணோடு தோண்டிச் சாக்கில் போட ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கத்தியவர், கத்திக்கொண்டே மண்வெட்டியை எடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து தோண்டினார். அதற்கப்புறம் வெகுநாள் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. அவர் சொல்லி இன்னும் சிலரும் வரவில்லை. பண்ணையை மூடிவிடலாமா என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிய காலம் அது. திரும்ப கறுப்புப் பைக்கே போய்விடலாம், ஒரு தடவை போட்டால் தூக்கி எறியலாம், நோய் வராது என்று சொல்லாதவர் இல்லை. அவள் அந்த ஆற்றுப் பையை ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். சொன்னவர்களிடம் பதில் பேசாமல் அதைக் காட்டுவாள்.

கழுவினால் மட்டும் போதாது, ஆவியில் வேக வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். தொட்டியையும், மண் கலவையையும். அதற்குப் பெரிய பாத்திரம் வேண்டும். அவள் கண் கோயில் அண்டாமேல் விழுந்தது. கோயிலுக்குப் புது அண்டா வந்ததால், அன்னதானத்துக்குச் சோறு வடித்த பழைய அண்டா மடப்பள்ளிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அம்மனுக்குச் சோறு வெந்த அண்டா, அதுல மண்ணப் போட்டு வேக வெப்பியா? ஒனக்கென்ன மூளை கழண்டு போச்சா?" என்றார். தவமணி கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள். "தலைவரே, ஒங்க குங்குமத்தக் கும்பிட்டுட்டுக் கழுவாம வெச்சேன். எம் பண்ணையே படுத்துருச்சு. நான் யார்கிட்டப் போய்ச் சொல்வேன்? அம்மாகிட்டத்தான சொல்லணும்" என்றாள்.

தலைவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கோபப்பட அவரால் முடியவில்லை. அண்டா வந்தது. வருஷா வருஷம் தொட்டி கேட்டால் தர வேண்டும் என்றார்கள். "தர்றேன். மஞ்சள் வைங்க, குங்குமம் வைங்க. ஆனா திரும்பி வந்ததும் நான் கழுவுவேன். யாரும் கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு முறை வந்தது. கோயில் தொட்டி திரும்பியதும் முதலில் கையெடுத்துக் கும்பிடுவாள். தொட்டியில் ஒட்டியிருக்கிற குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வாள். என் நெற்றியிலும் அப்புவாள். அப்புறம் பிரஷை எடுத்து, வேறு எந்தத் தொட்டிக்கும் இல்லாத மூர்க்கத்தோடு தேய்ப்பாள். "கும்பிட்டுட்டுக் கழுவு, ராஜி. கும்பிட்டதோட விட்டுறாத" என்பாள்.

அண்டா வைக்கிற நாள் எனக்குப் பிடித்த நாள். தோட்டத்தில் கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளை முனியாண்டி அண்ணன் கொண்டுவந்து போடுவார். அடியில் தண்ணீர், மேலே கம்பித் தட்டு, அதற்கு மேல் சாக்கில் கட்டிய மண் கலவை, கவிழ்த்த தொட்டிகள். மூடியின்மேல் ஒரு கல். பனி இறங்குகிற நேரத்தில் ஆவியும் பனியும் கலந்து கொட்டகையே தெரியாது. மழை விழுந்த மண் வாசனை சாலைவரை போகும். காரை நிறுத்தி, "அக்கா, இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்பார்கள். "மண்ணுச் சோறு லா. எல போடவா?" என்பாள். நானும் அவளும் அண்டாவின் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என்ன பேசினோம் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சூட்டுக்கு மட்டும் ஏங்குகிறேன்.

அவளைக் கிடத்தியிருந்த அன்று லயத்து வீட்டில் இடமில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் கையில் மாலை இருந்தது. மீதிப்பேர் கையில் தொட்டி. யார் யாருக்கோ செய்தி போய், அவரவர் வீட்டில் கிடந்த காலித் தொட்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசல் கால்வாய் ஓரமாக அடுக்கினார்கள். வெளியூரிலிருந்து வந்த அவள் சொந்தக்காரர் ஒருவர் இது என்ன குப்பை என்று கேட்டார். நான் அவரிடம் பேசிய விதத்துக்கு இன்னொரு நாள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். திரிங்காப் தவ்கேயும் வந்தார். நோய்க்குப் பிறகு விலகிப் போனவர், ஒரு நாள் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்து நாற்று கேட்டவர்தான். அவர் கொண்டு வந்த தொட்டிகள் மட்டும் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. அவற்றை வைத்துவிட்டு அவள் காலடியில் நின்று, "பொக்கோ பாகுஸ், தாவா" என்றார். தவமணி அவர் வாயில் எப்போதும் தாவாதான். செடி நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். அவள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதுவரை அழாமல் இருந்த நான் அங்கேதான் உடைந்தேன்.

வீட்டில் அவள் படத்துக்குப் பக்கத்தில் வைக்க ஒரு செடி வேண்டும் என்றார் முனியாண்டி அண்ணன். போவதற்கு முந்தைய நாள் அவள் கடைசியாக நட்ட லாவெண்டரைக் கொண்டுபோய் வைத்தேன். மண்ணில் அவள் கட்டைவிரல் குழி அப்படியே இருந்தது. சுமங்கலியாகப் போனவள் என்று படத்துக்கு வைத்த சந்தனம், குங்குமத்தைத் தொட்டிக்கும் வைத்தார்கள். கருமக்கிரியை வரை துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் படத்தைக் கும்பிட்டுவிட்டு, அவள் செடியாயிற்றே என்று சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். அழுதுகொண்டே ஊற்றுகிறவர்களை எப்படித் தடுப்பது? காரியம் முடிந்து தொட்டி என் கைக்கு வந்தபோது லாவெண்டர் சாம்பல் நிறமாகிச் சாய்ந்திருந்தது. மண் கூழாக இருந்தது. அந்த ஊறிப்போன வாடை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஓரத்துக் குழி மட்டும் கரையாமல், அரைகுறையாகத் தெரிந்தது.

முனியாண்டி அண்ணன் கூடவே வந்திருந்தார். "ராஜி, இந்த ஒண்ண மட்டும் கழுவாதம்மா. அவ கையி இதுல இருக்கு. பண்ணையில அவ எடத்துல வெச்சிரு" என்றார். நான் அதை உள்ளே கொண்டுபோகவில்லை. கேட்டுக்கு வெளியே வைத்தேன். "அண்ணே, இது உள்ள வந்தா..." என்று ஆரம்பித்தேன். "தெரியும். எனக்குத் தெரியாதா? நான் எத்தன தொட்டி சொமந்தவன்?" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாலையில் போகும்போது லாரி மெதுவாகும். தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். என்னைப் பார்க்க மாட்டார்.

எனக்கும் அதைத் தொட மனம் வரவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? கழுவினால் அந்தக் குழி போய்விடும். அவள் விரலின் அளவு இந்த உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. கழுவாமல் வைத்தால் ஒரு மழை போதும். வடிந்த தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வர, அவள் இருந்து காப்பாற்றிய மேடைகளை அவள் தொட்டியே அழித்துவிடும். காலையில் பண்ணைக்குள் போகும்போதும் மாலையில் வெளியே வரும்போதும் அதன் எதிரே நின்றேன். தோழி, நீயே வந்து சொல்லிவிட்டுப் போயேன் என்று வாய்விட்டுக் கேட்டேன். மேலே தேயிலைச் சரிவில் வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

மழை வரும் என்று தெரிந்த ஒரு பிற்பகலில் அண்டாவுக்கு அடியில் நெருப்பு வைத்தேன். புகை எழுந்து கொஞ்ச நேரத்தில் லாரி வந்து நின்றது. முனியாண்டி அண்ணன் இறங்கி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். நானும் குந்தினேன். பிறகு அவர் இரண்டு கையையும் கூப்பினார். தொட்டியில் காய்ந்திருந்த குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். திரும்பி, என் நெற்றியிலும் வைத்தார், அவள் அப்புகிற மாதிரியே அழுத்தி. "பிரஷ் எங்கம்மா?" என்றார்.

செத்த செடியை அவர் பிடுங்கினார். அந்தக் குழியோடு மண் சரிந்து சாக்கில் விழுந்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன். தேய்த்தது அவர்தான். சிவந்த தண்ணீரைச் சாக்கு மண்ணிலேயே ஊற்றி, எல்லாவற்றையும் அண்டாவில் வைத்தோம். மழை வந்து கொட்டகைத் தகரத்தில் அடித்தது. நாங்கள் அண்டாவின் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தொட்டியும் மண்ணும் ஆறிய பிறகு, அதே தொட்டியில் ஒரு ரோஸ்மேரிக் குச்சி நட்டு, ஓரத்தில் என் கட்டைவிரலால் குழி வைத்தேன். ஆழமாகப் போகவில்லை. அதை அவர் கையில் கொடுத்து, "செடி பெரிசாகி மண்ணுல நட்டதும் தொட்டியைத் திருப்பிக் கொண்டு வரணும், அண்ணே" என்றேன். "அவ புருஷங்கிட்டயே இந்தக் கண்டிஷனா?" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தது அவள் போன பிறகு அதுதான் முதல் தடவை.

தவமணியிடமிருந்து நான் வைத்துக்கொள்ள ஒரு பொருளும் இல்லை. எல்லாவற்றையும் கழுவி அடுத்த செடிக்குக் கொடுத்துவிடுகிற தொழில் அவளுடையது. அவளுடைய கேள்வி ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். நேற்று முனியாண்டி அண்ணன் வெறுங்கையோடு பண்ணைக்கு வந்து கேட்டில் நின்றார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வாங்க என்றோ, சாப்பிட்டீங்களா என்றோ நான் சொல்லவில்லை.

"செடி எப்டி இருக்குண்ணே?" என்று கேட்டேன்.

"காலைல தண்ணி ஊத்தணும்னு கை போச்சும்மா" என்றார். "ஊத்தல."